ஊரார் போட்ட திட்டம் – 4: முதலில் பணம்

சென்ற வாரம் 1995 அக்டோபர் 2-ஆம் நாளில் நிறுத்தியிருந்தோம். கேரளத்தில் புதிதாகத் தேர்வான ஊராட்சிகள் அன்று பொறுப்பேற்றன. பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருந்தகம், வேளாண் அலுவலகம் எனப் பலவும் உள்ளாட்சிகளின் கைக்கு வந்துவிட்டதாக அரசாணைகள் சொல்லின. கட்டடம் வந்தது, பெயர்ப்பலகை வந்தது. செலவழிக்கப் பணம் மட்டும் வரவில்லை.

அதற்கு முன்னால் இருமுறை இதே கதவு வரை வந்து திரும்பியதையும் பார்த்தோம். 1957-இல் அமைந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு அரசு, ஊராட்சிகளுக்கும் மாவட்ட மன்றங்களுக்கும் அதிகாரம் தரும் மசோதாக்களைக் கொண்டுவந்தது. 1959 ஜூலை 31-இல் ஆட்சி கலைக்கப்பட்டதும் அவையும் போயின. 1991 தொடக்கத்தில் மாவட்ட மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. அதே ஆண்டில் ஆட்சி மாறி, மன்றங்களின் அதிகாரம் ஒவ்வொன்றாக உருவப்பட்டது.

1996 மே மாதம் மீண்டும் ஆட்சி மாறியது. இடது முன்னணியின் ஈ.கே. நாயனார் முதல்வரானார்.

இந்த வாரக் கதை, அடுத்த பன்னிரண்டு மாதங்களின் கதை.

* * *

வெற்று வயல்

அந்த நேரத்துக் கேரளத்தை வெளியே இருந்தவர்கள் வியப்போடு பார்த்தார்கள். எழுத்தறிவு, குழந்தை இறப்பு விகிதம், சராசரி ஆயுள் எனப் பணக்கார நாடுகளோடு ஒப்பிடத் தக்க எண்கள். ஏழை மாநிலம் ஒன்று இதை எப்படிச் சாதித்தது என்று உலகப் பல்கலைக்கழகங்கள் ஆய்வு செய்தன.

உள்ளே இருந்தவர்களுக்கு வேறு எண்கள் தெரிந்தன. 1970-களின் நடுவில் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்த மாநிலம் அது. இருபது ஆண்டுகளில் அந்தப் பரப்பு பாதியாகச் சுருங்கிவிட்டது. காய்கறிக்கு ஒட்டன்சத்திரத்துச் சந்தையிலிருந்து லாரி வர வேண்டும். ஆலைகள் பெருகவில்லை. படித்த பிள்ளைகள் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். அரசுக் கஜானாவில் சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் போக மிச்சம் குறைவு. இப்படியே போனால் பள்ளிக்கூடத்தையும் ஆஸ்பத்திரியையும்கூட நடத்த முடியாமல் போகும் என்ற அச்சம் அறிஞர்களிடையே பரவியிருந்தது.

1994 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் கேரள ஆய்வுகளுக்கான பன்னாட்டு மாநாடு ஒன்றை ஈ.எம்.எஸ். முன்னின்று நடத்தினார். அங்கு திரும்பத் திரும்ப எழுந்த கேள்வி இதுதான்: மக்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதில் முன்னே நின்ற மாநிலம், உற்பத்தியில் ஏன் பின்தங்கியது?

விடைகள் பல. அவற்றுள் ஒன்று திட்டம் தீட்டும் முறையைக் குற்றம் சொன்னது. தலைநகரில் ஒரு துறை ஒரு திட்டத்தை எழுதும். மலைமேல் இருக்கும் வயநாட்டுக்கும் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் குட்டநாட்டுக்கும் அதே திட்டம், அதே மானியம், அதே படிவம். கீழே இருப்பவர் வேலை, பயனாளிகளின் பட்டியலை நிரப்பி அனுப்புவது. வாய்க்கால் எந்த மேட்டில் முட்டி நிற்கிறது என்று அறிந்தவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

* * *

வரிசையை மாற்றினார்கள்

மாநிலத் திட்டக் குழு புதிதாக அமைந்தது. முதல்வர்தான் தலைவர். துணைத் தலைவராகப் பொருளியலாளர் ஐ.எஸ். குலாத்தி வந்தார். உறுப்பினராகத் தாமஸ் ஐசக் வந்தார். நாற்பதுகளில் இருந்த அவர் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஆய்வாளர், மார்க்சிஸ்ட் கட்சிக்காரர், மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் ஊர்ப் பணிகளில் ஊறியவர்.

அதிகாரப் பரவலுக்கு உலகெங்கும் ஒரு வரிசை சொல்வார்கள். முதலில் சட்டத்தைத் திருத்து. பிறகு பணியாளர்களை இடம் மாற்று. பிறகு பயிற்சி கொடு. ஊராட்சிக்குத் திறமை வந்துவிட்டது என்று உறுதியானதும் கடைசியாகப் பணத்தைக் கொடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசிப் படி வருவதே இல்லை. 'இன்னும் தகுதி வரவில்லை' என்று சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை கடந்துவிடும். சட்டம் ஒன்று, சுற்றறிக்கை ஒன்று என்று தாளில் மட்டும் அதிகாரம் வளரும். பணமில்லாத ஊராட்சிக் கூட்டத்துக்கு வேளாண் அலுவலர் எதற்கு வரப்போகிறார்? வார்டு மக்கள் எதற்கு வரப்போகிறார்கள்?

1996 ஜூலையில் திட்டக் குழு எடுத்த முடிவு இந்த வரிசையைத் தலைகீழாக்கியது.

ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டம் 1997 ஏப்ரலில் தொடங்க இருந்தது. மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்படும். அந்தப் பணத்தில் என்ன செய்வது என்பதை உள்ளாட்சிகளே முடிவு செய்யும். சட்டத் திருத்தம், பணியாளர் மாற்றம், பயிற்சி எல்லாம் போகப் போக நடக்கும்.

திட்டச் செலவு என்றால் சம்பளமும் வட்டியும் நீங்கலாக, புதிதாக ஒன்றைச் செய்வதற்கென்று அரசு எடுத்து வைக்கும் தொகை. அதில் பத்து ரூபாய்க்கு ஏறத்தாழ நான்கு ரூபாயை ஊரிடம் விட்டுவிடுவது என்பது, தலைநகரில் இருக்கும் ஒவ்வொரு துறைத் தலைவரிடமிருந்தும் ஒவ்வோர் அமைச்சரிடமிருந்தும் எடுத்துக் கொடுப்பது. எந்த ஊருக்குப் பாலம், எந்தத் தொகுதிக்குச் சாலை என்று சொல்லும் வாய்ப்பை அவர்கள் இழக்கிறார்கள். அரசியலில் இதைவிடப் பெரிய இழப்பு குறைவு.

அமைச்சரவை ஏன் இசைந்தது? கட்சிக் கட்டுப்பாடு ஒரு காரணம். ஈ.எம்.எஸ். இன்னொரு காரணம். அப்போது அவருக்கு வயது 87. அரசுப் பதவி எதிலும் இல்லை. ஆனால் இதே வேலையை 1957-இல் தொடங்கி, அறுபட்ட இடத்தில் நாற்பது ஆண்டுகளாகக் காத்திருந்தவர் அவர். 1978-இல் ஊராட்சி அமைப்பை ஆராய்ந்த அசோக் மேத்தா குழுவில் உறுப்பினராக இருந்தபோது, மத்தியிலும் மாநிலத்திலும் மக்களாட்சி, அதற்குக் கீழே அதிகாரிகள் ஆட்சி என்பதுதான் இந்திய ஏற்பாடு என்று தனிக் குறிப்பே எழுதி வைத்தவர். புதிய இயக்கத்தின் உயர்நிலை வழிகாட்டும் குழுவுக்கு அவர்தான் தலைவர். எதிர்க்கட்சியினருக்கும் அந்தக் குழுவில் இடம் தரப்பட்டது.

'கட்சி வேலைக்கு அரசுப் பணம்' என்று எதிர்க்கட்சிகள் சந்தேகப்பட்டன. அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை என்று சொல்ல மாட்டேன். தொண்டர்களில் பெரும்பாலோர் இடதுசாரி ஆதரவாளர்களே. ஆனால் எதிர்க்கட்சிகள் ஆண்ட ஊராட்சிகளும் இயக்கத்தை விட்டு விலகவில்லை. விலகாததற்குக் காரணம் நேரானது. அவர்களுக்கும் அதே பணம், அதே கணக்கில் வரப்போகிறது.

* * *

தயாராக இருந்த கைகள்

முடிவு ஜூலையில். இயக்கத்தின் தொடக்கம் 1996 ஆகஸ்ட் 17-இல், மலையாளப் புத்தாண்டான சிங்ஙம் முதல் நாளில். மக்கள் திட்ட இயக்கம் என்று பெயர். ஒரே மாதத்தில் ஒரு மாநிலம் முழுவதையும் எப்படிக் கூட்ட முடிந்தது?

அந்தக் கைகள் முன்னமே பழகியிருந்தன.

1990-இல் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றது. 1991 ஏப்ரல் 18-இல் கோழிக்கோட்டில், வயதான காலத்தில் எழுதப் படிக்கக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா, கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார். அதற்காக வீடு வீடாக ஏறி இறங்கிய தொண்டர்களுக்கு ஊரின் ஒவ்வொரு சந்தும் தெரியும். யார் வீட்டுக்கு எந்த நேரம் போனால் ஆள் இருப்பார் என்பதும் தெரியும்.

அதே காலத்தில் பரிஷத், புவி அறிவியல் ஆய்வு மையத்தோடு சேர்ந்து ஊர்களை வரைபடமாக்கத் தொடங்கியது. எங்கே என்ன மண், எந்தக் கிணறு கோடையில் வற்றும், எந்த நிலம் தரிசு என்று ஊராரே நடந்து நடந்து குறித்தார்கள். கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரியில் இந்த வேலை இன்னும் ஒரு படி மேலே போனது. வரைபடத்தையும் கணக்கெடுப்பையும் வைத்து ஊராட்சிக்கென்று ஒரு வளர்ச்சித் திட்டமே தீட்டிப் பார்த்தார்கள். தாமஸ் ஐசக் அந்த வேலையில் இருந்தார். முதல்வர் நாயனார் பிறந்த ஊரும் கல்யாசேரிதான்.

ஆக, ஒத்திகை ஒரு ஊரில் முடிந்திருந்தது. இப்போது நாடகம் 990 கிராம ஊராட்சிகளிலும், 152 ஒன்றியங்களிலும், 14 மாவட்டங்களிலும், நகராட்சிகள், மாநகராட்சிகளிலும் அரங்கேற வேண்டும். மொத்தம் 1,214 உள்ளாட்சிகள்.

பயிற்சி மூன்று அடுக்குகளில் நடந்தது. மாநில அளவில் சுமார் 600 பேருக்கு ஏறத்தாழ இருபது நாள் பயிற்சி. அவர்கள் மாவட்ட அளவில் சுமார் 12,000 பேருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் ஊர்களில் இறங்கி ஒரு லட்சம் பேருக்கு மேல் கற்றுக்கொடுத்தார்கள். ஆசிரியர்கள், எழுத்தர்கள், ஓய்வுபெற்றவர்கள், வேலை கிடைக்காத பட்டதாரிகள். பெண்களின் எண்ணிக்கை விரும்பிய அளவுக்கு இல்லை. அந்தக் குறை பின்னால் பெரிதாக வரும்.

* * *

பள்ளிக்கூட மைதானத்தில்

கேரளத்துக் கிராம ஊராட்சி நம்முடையதைப் போலச் சிறியது அல்ல. தமிழ்நாட்டில் 12,000-க்கு மேற்பட்ட ஊராட்சிகள். சராசரியாக ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் பேர். கேரளத்தில் ஓர் ஊராட்சியில் இருபது, முப்பதாயிரம் பேர் இருப்பார்கள். ஊராட்சி முழுவதையும் ஓரிடத்தில் கூட்ட முடியாது. எனவே அங்கே வார்டுதான் கிராம சபை. அந்த வார்டின் உறுப்பினரே அழைப்பாளர்.

விடுமுறை நாளாகப் பார்த்துத் தேதி வைத்தார்கள். தொண்டர் குழுக்கள் ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுக்கு வீடு போய் அழைத்தன. இடம், பெரும்பாலும் பள்ளிக்கூடம்.

அந்த நாளின் அமைப்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். இயக்கத்தின் உயிர் அதில்தான் இருந்தது.

முதலில் எல்லோரும் சேர்ந்த பொது அமர்வு. ஊராட்சித் தலைவர் வரவிருக்கும் பணத்தைப் பற்றிச் சொல்வார். இதுவரை நம் எல்லோருக்கும் பழகிய கூட்டம். ஒருவர் மேடையில் பேச, மற்றவர்கள் கேட்பது. இத்தோடு முடிந்திருந்தால், நாலு பேர் மைக்கைப் பிடித்துக்கொள்ள, மீதிப் பேர் கலைந்து போயிருப்பார்கள்.

பொது அமர்வு விரைவில் கலைக்கப்பட்டது. கூட்டம் ஒரு டஜன் குழுக்களாகப் பிரிந்து வகுப்பறைகளுக்குள் போனது. வேளாண்மைக்கு ஓர் அறை, குடிநீருக்கு ஓர் அறை, கல்விக்கு, உடல்நலத்துக்கு, பெண்கள் முன்னேற்றத்துக்கு, பட்டியல் சாதி மக்களுக்கு, சாலைக்கு என்று ஒவ்வோர் அறை. அறைக்குப் பதினைந்து, இருபது பேர். பயிற்சி பெற்ற ஒருவர் கையில் கேள்வித் தாளோடு நடுவில் அமர்ந்திருப்பார்.

'உங்களுக்கு என்ன வேண்டும்' என்பதோடு அந்தத் தாள் நிற்கவில்லை. இது எப்போதிருந்து பிரச்சினை, ஏன் வந்தது, முன்பு எப்படிச் சமாளித்தீர்கள், நீங்களே என்ன செய்ய முடியும் என்று போனது. பொதுக் கூட்டத்தில் எழுந்து நிற்கத் தயங்கும் பெண், பதினைந்து பேர் அமர்ந்த வகுப்பறையில் குடிநீரைப் பற்றிப் பேசினார். குடத்தைத் தூக்கி நடப்பவர் அவர். அந்தப் பேச்சில் அவரை மிஞ்ச யாராலும் முடியாது.

குழுக்கள் பேசியதை எழுதி எடுத்துக்கொண்டு மாலையில் மீண்டும் ஒன்றுகூடின. ஒவ்வொரு குழுவின் அறிக்கையும் வாசிக்கப்பட்டது. அடுத்த கட்டமான வளர்ச்சிக் கருத்தரங்குக்குப் பிரதிநிதிகள் தேர்வானார்கள்.

ஆகஸ்டில் தொடங்கி அக்டோபர் வரை நடந்த முதல் சுற்றுக் கிராம சபைகளில் 20 லட்சம் பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். சராசரியாகப் பார்த்தால் ஒரு சபைக்கு 180 பேர் அளவில். வந்தவர்களில் பெண்கள் மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. வசதியானவர்கள் பெரும்பாலும் வரவில்லை. கிணறும் காரும் சொந்தமாக வைத்திருப்பவருக்கு ஊராட்சியிடம் கேட்க ஒன்றுமில்லை என்ற எண்ணம் இருந்தது.

குறைகளைச் சொல்லிவிட்டே சொல்கிறேன். விடுதலை பெற்ற பிறகு இந்தியாவின் எந்த மாநிலத்திலும், அரசுப் பணத்தை எப்படிச் செலவிடலாம் என்று பேச இத்தனை பேர் இப்படி உட்கார்ந்ததில்லை.

* * *

ஒரே பெஞ்சில்

இங்கே கொஞ்சம் நின்று நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அதே 1996 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. புதிய ஊராட்சிச் சட்டத்தின்கீழ் நடந்த முதல் தேர்தல். நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஊருக்கு ஒரு தலைவர் வந்தார். ஆனால் மதுரை மாவட்டம் மேலவளவில், தனித் தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சியில், தலித் ஒருவர் தலைவராவதையே ஆதிக்க சாதியினர் பொறுக்கவில்லை. தேர்வான தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30-இல் ஐந்து பேரோடு வெட்டிக் கொல்லப்பட்டார்.

கேரளத்தில் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆதிவாசிகளுக்கு அந்த மாநிலம் இழைத்தது தனிப் பெருங்கதை. ஆயினும் ஒரு வார்டு மக்கள் ஒரே வகுப்பறையில் ஒரே பெஞ்சில் உட்கார முடிந்ததற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுப் போராட்டம் இருந்தது. சமூகச் சீர்திருத்தவாதிகளான நாராயண குருவும் அய்யன்காளியும் திறந்த வழி அது. 1970 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம், குடியிருந்த மண்ணிலேயே அஞ்சி நின்ற குத்தகைதாரரை உரிமையாளர் ஆக்கியிருந்தது. நிலக்கிழாரின் முன்னால் பேச முடியாத ஊரில் கிராம சபைக்கு ஆயிரம் கோடி கொடுத்தாலும் கூட்டம் கூடும், பேச்சு வராது.

கேரளத்தை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் இந்த முன்கதையை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் சொல்வது சரியில்லை என்பது என் கருத்து.

* * *

ஊர் தன்னைப் பற்றி எழுதியது

கிராம சபைகள் முடிந்தபோது கையில் இருந்தது பெரும்பாலும் ஆசைகளின் பட்டியல். சாலை வேண்டும். வீடு வேண்டும். கழிப்பறை, கிணறு, கறவை மாடு வேண்டும். எல்லா வார்டிலும் சாலைக்கே முதலிடம்.

திட்டக் குழு இதை எதிர்பார்த்தே இருந்தது. பட்டியலைத் திட்டமாக மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு வளர்ச்சி அறிக்கை எழுத வேண்டும் என்று விதித்தது.

கிராம அலுவலகத்துப் பதிவேடு, பள்ளி வருகைப் பதிவு, சுகாதார நிலையத்தின் நோய்க் கணக்கு என்று தூசி படிந்து கிடந்தவை எல்லாம் வெளியே வந்தன. தொண்டர்கள் ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து குறிப்பெடுத்தார்கள். முதியவர்களைக் கண்டு ஊரின் பழைய கதையைக் கேட்டு எழுதினார்கள். பல ஊர்களுக்கு வரலாறு என்ற ஒன்று எழுத்தில் வந்தது அப்போதுதான்.

ஓர் ஊராட்சியில் எத்தனை ஏக்கர் நெல் வயல் வீட்டு மனையாக மாறியது, பள்ளியைப் பாதியில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர், கூட்டுறவுச் சங்கத்துக் கடன் எங்கே போனது என்பவை ஓர் அச்சடித்த புத்தகத்தில் ஊரார் கையில் கிடைத்தன. அதை நடுவில் வைத்துத்தான் வளர்ச்சிக் கருத்தரங்குகள் நடந்தன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கிராம சபைகளின் பிரதிநிதிகளும் அலுவலர்களும் ஊரின் விவரம் அறிந்தவர்களும் உட்கார்ந்து, வார்டுகளின் விருப்பங்களை ஊராட்சியின் தேவைகளோடு உரசிப் பார்த்தார்கள். பத்து வார்டும் சாலை கேட்டிருக்கலாம். ஊராட்சியின் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அறிக்கை சொல்லும்போது, அதை மறுக்க எவராலும் எளிதில் முடியவில்லை.

கருத்தரங்கு முடிவில் துறைக்கு ஒன்றாகப் பணிக்குழுக்கள் அமைந்தன. மாநிலம் முழுக்கச் சுமார் 12,000 குழுக்கள். பிரச்சினைக்குத் தீர்வு, தீர்வுக்குச் செலவு, செலவுக்கு வழி, காலக்கெடு என எல்லாவற்றையும் எழுதி முழுத் திட்டங்களாக ஆக்குவது அவர்கள் வேலை. திட்டங்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

* * *

நான்காம் பிற்சேர்க்கை

1997-98-க்கான மாநில நிதிநிலை அறிக்கை வந்தது. அதன் நான்காம் பிற்சேர்க்கையில் ஒரு பட்டியல் இருந்தது.

ஊராட்சி ஊராட்சியாகப் பெயர். எதிரே தொகை.

ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய், மக்கள்தொகையை அடிப்படையாக வைத்துப் பிரிக்கப்பட்டிருந்தது. ஊரகப் பகுதிக்கான பொது ஒதுக்கீட்டில் 70 விழுக்காடு கிராம ஊராட்சிக்கு. மீதியில் ஒன்றியத்துக்கு 15, மாவட்டத்துக்கு 15. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய துணைத்திட்ட நிதியும் கீழே இறங்கியது.

இந்தப் பட்டியல் அச்சில் ஏறிய கணம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் திருப்பம். அதுவரை ஊராட்சித் தலைவர் ஒருவர் பணத்துக்காகத் திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏற வேண்டும். எம்.எல்.ஏ.வைப் பார்த்து, அமைச்சரின் உதவியாளரைப் பார்த்து, கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தேட வேண்டும். இனி எந்த ஊருக்கு எவ்வளவு என்று சட்டமன்றமே ஒப்புக்கொண்ட தாளில் இருக்கிறது. ஆளும் கட்சி ஊராட்சியானாலும் எதிர்க்கட்சி ஊராட்சியானாலும் தொகை மாறாது. அதைக் குறைக்க ஓர் அமைச்சர் விரும்பினாலும் சட்டமன்றத்தில் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும்.

கூடவே சில வேலிகளும் போடப்பட்டன. குறைந்தது 40 விழுக்காடு வேளாண்மை, கால்நடை, சிறுதொழில் போன்ற உற்பத்திக்குப் போக வேண்டும். சாலை உள்ளிட்ட கட்டமைப்புக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் கூடாது. பத்து விழுக்காடு பெண்களுக்கென்றே வகுத்த திட்டங்களுக்கு. ஊரின் விருப்பத்தை மேலிருந்து கட்டுவது ஆகாதா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த வேலி சரியென்றே படுகிறது. முதல் சுற்றுச் சபைகளில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லாத பெண்களின் குரலை அந்தப் பத்து விழுக்காடுதான் காத்தது. வேலியில்லாமல் விட்டிருந்தால் ஆயிரம் கோடியில் பெரும்பகுதி தாராக உருகியிருக்கும்.

* * *

திட்டங்களைத் திறந்து பார்த்தபோது

1997 மார்ச் முதல் ஊராட்சிகள் தங்கள் திட்டங்களை இறுதி செய்து அனுப்பத் தொடங்கின. திட்டக் குழு அவற்றைத் திறந்து பார்த்தது.

பல அருமையாக இருந்தன. தங்கள் ஊர் ஓடையை அறிந்தவர்களால் மட்டுமே எழுதக் கூடிய தடுப்பணைத் திட்டங்கள் இருந்தன.

பல அப்படி இல்லை. செலவுக் கணக்கு அரைகுறை. சில பக்கங்களில் தொழில்நுட்ப விவரமே கிடையாது. துறைகளின் பழைய திட்டத்தை எடுத்துப் பெயரை மாற்றி எழுதியவையும் இருந்தன. உற்பத்திக்கென்று வேலி போட்டு ஒதுக்கிய பணம், வீட்டுக்கு நாலு தென்னங்கன்று, ஆளுக்கு ஓர் ஆடு என்று பங்கிட்டுக் கொடுக்கும் பட்டியலாக மாறியிருந்தது. யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் எல்லோருக்கும் கொஞ்சம் கொடுத்துவிடலாம் என்ற வார்டு உறுப்பினர்களின் நினைப்பு அதில் தெரிந்தது. உறுப்பினர்களைக் குறை சொல்வது எளிது. அடுத்த தேர்தலில் அதே வார்டில் நிற்க வேண்டியவர்கள் அவர்கள்.

எதிர்க்கட்சிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் இது போதுமானதாக இருந்தது. நாங்கள் அப்போதே சொன்னோம், ஊராட்சிகளுக்குத் திறமை இல்லை என்ற பேச்சு மறுபடி எழுந்தது. வரிசையை மாற்றியது தவறு, பணத்தைக் கடைசியில்தான் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள்.

திட்டக் குழுவின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. மோசமான திட்டங்களைத் திருப்பி அனுப்பி, துறைகளை வைத்து எழுதச் சொல்லலாம். அப்படிச் செய்தால் கிராம சபையில் பேசிய 20 லட்சம் பேரும் ஏமாந்து போவார்கள், இயக்கம் முதல் ஆண்டிலேயே முடிந்துவிடும். அல்லது அப்படியே ஒப்புதல் கொடுக்கலாம். கட்டிய தடுப்பணை முதல் மழையில் போனால் அதோடு இயக்கமும் போகும்.

சரிபார்க்க ஆள் வேண்டும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட திட்டங்கள். ஊராட்சிகளிடம் இன்ஜினீயர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். துறைகளின் இன்ஜினீயர்களோ தங்கள் துறைத் தலைவர் சொன்னால் அசைவார்கள், ஊராட்சித் தலைவர் சொன்னால் அசைய மாட்டார்கள். அவர்களில் ஒருவர் தொழில்நுட்ப ஒப்புதல் என்று கையெழுத்துப் போடாத வரை ஒரு ரூபாயும் நகராது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கியே விட்டது.

அப்போதுதான் திட்டக் குழுவில் ஒரு யோசனை எழுந்தது. கேரளத்தில் ஊருக்கு ஊர் ஓய்வுபெற்ற இன்ஜினீயர்கள், வேளாண் அதிகாரிகள், மருத்துவர்கள், பேராசிரியர்கள் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டு அனுபவத்தோடு வீட்டுத் திண்ணையில் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைச் சம்பளமில்லாமல் கூப்பிட்டால் என்ன?

1997 மே மாதம் அழைப்பு போனது. அவர்கள் வந்தார்களா? வந்திருந்தால், பதவியில் இருக்கும் இன்ஜினீயர் போட வேண்டிய கையெழுத்தை ஓய்வுபெற்ற ஒருவர் போட்டபோது அது செல்லுமா?

அடுத்த வாரம்.